ஆய்வகத்தில் அமிலமும் காரமும்: பிளஸ் ஒன் உயிரியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, மீனாட்சிபுரம் பக்கம் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்து முதன்முறையாக ஆய்வகத்துக்குள் வரும் பிள்ளைகளுக்காக எழுதியது இது. புட்டியில் இருக்கும் பெயர் ஆங்கிலம், ஆய்வக உதவியாளர் பேசுவது மலையாளம், பயம் மட்டும் தமிழில் வருகிறது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உயிரியல் படிக்கத்தானே வந்தோம்? எங்களுக்கு எதற்கு அமிலமும் காரமும்?

வெங்காய வேர்நுனியை எடுத்துச் செல் பிரிதலைப் பார்க்க வேண்டுமானால், செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளக வேண்டும். அதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வேர்நுனியை வைத்து லேசாகச் சூடாக்குகிறோம். முளைவிட்ட பயறு மூச்சுவிடுவதைக் காட்டும் சோதனையில் கரியமிலவாயுவை உறிஞ்சிக்கொள்வது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது தோலை அரிக்கும் காரம். எச்சிலிலுள்ள அமைலேஸ் நொதியைப் பற்றிய சோதனையில் அமிலமும் வரும், காரமும் வரும். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில ஆய்வகங்களில் அடர் நைட்ரிக் அமிலத்தை இன்னும் பயன்படுத்துகிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் புட்டிகளில் பாதி இங்கேயும் இருக்கிறது. ஆனால் அங்கே இருக்கும் எச்சரிக்கை உணர்வு இங்கே இருப்பதில்லை. 'இது உயிரியல் லேப்தானே' என்ற அலட்சியம்தான் காரணம்.

இன்னொன்று, நடுநிலையாக்கல் உங்கள் உடலுக்குள் நாள் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவுக்கூழ் முன்சிறுகுடலுக்கு இறங்கியதும், கணையம் பைகார்பனேட் நிறைந்த நீரைச் சுரந்து அந்த அமிலத்தை அடக்குகிறது. அமிலம் வந்துவிட்டது என்று கணையத்துக்குச் சேதி சொல்வது யார்? 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற உடலியல் ஆய்வாளர்கள் இருவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். சிறுகுடலின் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை அறுத்த பின்பும் அங்கே அமிலம் பட்டவுடன் கணையம் சுரந்தது. ஆகவே சேதி இரத்தம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தச் சேதிப் பொருளுக்கு செக்ரிடின் என்று பெயரிட்டார்கள். ஹார்மோன் என்ற கருத்தே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அமிலத்தையும் காரத்தையும் விட்டுவிட்டு உயிரியல் படிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கையில் அமிலம் பட்டால் ஆப்ப சோடா போடலாமா? காரம் பட்டால் எலுமிச்சை பிழியலாமா?

கூடாது. இரண்டுமே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். அந்தச் சமன்பாட்டில் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு: வெப்பம். வலிமையான அமிலமும் வலிமையான காரமும் ஒரு மோல் அளவுக்கு வினைபுரிந்தால் ஏறத்தாழ 57 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. ஒரு மோலார் அமிலம் 50 மி.லி., ஒரு மோலார் காரம் 50 மி.லி. இரண்டையும் பீக்கரில் கலந்து வெப்பமானியை வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 7 டிகிரி ஏறும். அது நீர்த்த கரைசல். அடர் கரைசல்கள் கலந்தால் கொதித்துத் தெறிக்கும். அந்தக் கொதிப்பு உங்கள் தோலின்மேல் நடக்கட்டும் என்றா விடுவீர்கள்? அமிலப் புண்ணோடு தீப்புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது சிக்கல் அளவு. தோலில் எத்தனை மி.லி. பட்டது, அதன் அடர்த்தி என்ன, அதற்கு எவ்வளவு காரம் வேண்டும் என்று அந்த நேரத்தில் யாராலும் கணக்குப் போட முடியாது. கொஞ்சம் கூடிப்போனால் அமிலம் போய்க் காரம் நிற்கும். மூன்றாவது, சோடா டப்பாவைத் தேடி அலமாரியைத் திறக்கும் நேரத்தில் அமிலம் தன் வேலையைச் செய்து முடித்திருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. ஓடும் தண்ணீரில் உடனே காட்டுங்கள். 20 நிமிடம் விடாமல் ஓடட்டும். துணியில் பட்டிருந்தால் கூச்சப்படாமல் அந்தத் துணியைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். வளையல், வாட்ச், மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். அவற்றின் அடியில் திரவம் தங்கும். பட்டது சோடியம் ஹைட்ராக்சைடு வில்லையோ சுண்ணாம்புத் தூளோ என்றால் மட்டும் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, அதன் பிறகு நிறையத் தண்ணீர். தண்ணீர் அமிலத்தை நீர்க்கச் செய்கிறது, சூட்டை இழுத்துக்கொள்கிறது, மிச்சத்தை அடித்துக்கொண்டு போகிறது. எந்த வேதிப்பொருளும் ஒரே நேரத்தில் இந்த மூன்றையும் செய்யாது.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள் என்பது என் அனுபவம். சமன்பாடு தெரியாதவன் குழாயை நோக்கி ஓடுகிறான். தெரிந்தவன் அலமாரியை நோக்கி ஓடுகிறான்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால்?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மார்ச், ஏப்ரலில் கேட்டே தீர வேண்டிய கேள்வி இது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் ஊர்களில் பள்ளிக் குழாயை மட்டும் நம்ப முடியாது. புட்டிகளைத் திறப்பதற்கு முன் இரண்டு பெரிய வாளிகளை நிரப்பி, மூடி, மேலே ஒரு மக் வையுங்கள். வாளி நிரம்பவில்லை என்றால் அன்றைக்கு அமிலச் சோதனை இல்லை. நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன, அவற்றைப் பார்க்கலாம்.

அப்படியானால் நடுநிலையாக்கல் எதற்குத்தான் பயன்படும்?

மேசைக்கும் தரைக்கும் கழிவுக்கும். மேசையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிந்திவிட்டது என்று வையுங்கள். முதலில் பக்கத்தில் நிற்பவர்களை விலக்குங்கள், ஜன்னலைத் திறங்கள், ஆசிரியரைக் கூப்பிடுங்கள். பிறகு ஆப்ப சோடாவை, அதாவது சோடியம் பைகார்பனேட்டை, சிந்திய இடத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தூவிக்கொண்டே வர வேண்டும். நடுவில் கொட்டினால் நுரை பொங்கி வெளியே பரவும். நுரைப்பது நின்ற பிறகு இன்னும் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். நுரை வரவில்லை என்றால் அமிலம் தீர்ந்தது. ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

எவ்வளவு சோடா வேண்டும்? புட்டியில் வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 12 மோலார். 10 மி.லி. சிந்தினால் அதில் 0.12 மோல் அமிலம் இருக்கும். ஒரு மோல் பைகார்பனேட் 84 கிராம். பெருக்கினால் 10 கிராம் வரும். மனதில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு மி.லி.க்கு ஒரு கிராம் சோடா. 10 மி.லி. அமிலத்துக்கு ஏறத்தாழ 3 லிட்டர் கரியமிலவாயு வெளிவரும்; ஜன்னலைத் திறக்கச் சொன்னது அதற்காகவும் அமிலப் புகைக்காகவும்தான். ஆய்வகத்தில் அரைக் கிலோ சோடா டப்பா ஒன்று கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

ஏன் ஆப்ப சோடா? சோடியம் ஹைட்ராக்சைடு இன்னும் வேகமாக அடக்குமே?

வேகமாக அடக்கும், கூடவே வேகமாக எல்லை தாண்டும். அமிலம் தீர்ந்த பிறகு ஹைட்ராக்சைடு கொஞ்சம் கூடினாலும், அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். 12, 13 என்று எகிறிவிடும். ஆபத்து பெயர் மாறி அதே இடத்தில் நிற்கும். பைகார்பனேட்டை எவ்வளவு அதிகமாகப் போட்டாலும் கரைசலின் பி.எச். 8.3-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். மேலும் நுரை கண்ணுக்குத் தெரிகிறது. வேலை நடக்கிறதா, முடிந்ததா என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. இரத்தத்தின் பி.எச்.சை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் பிடித்துவைப்பதும் இதே பைகார்பனேட்தான் என்பதைத் தாங்கல் கரைசல் பாடம் வரும்போது நினைவில் கொள்ளுங்கள்.

பி.எச். என்ற எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற ஆய்வாளர் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தார். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது நொதிகளை. அதாவது, வேதியியல்காரர்களின் சொத்து என்று நீங்கள் நினைக்கும் பி.எச். உயிர்ப்பொருள் ஆராய்ச்சியில் பிறந்தது. ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். பி.எச். 2-க்கும் 5-க்கும் வித்தியாசம் மூன்று அல்ல, ஆயிரம் மடங்கு. எச்சில் அமைலேஸ் 6.8-ஐ ஒட்டி நன்றாக வேலை செய்யும். இரைப்பையின் பெப்சினுக்கு 2 பிடிக்கும். உணவு விழுங்கப்பட்ட பிறகு அமைலேஸ் ஏன் ஓய்ந்துபோகிறது என்று இனி கேட்க வேண்டாம்.

லிட்மஸ் தாள் தீர்ந்துவிட்டது. மஞ்சளை வைத்துச் சோதிக்கலாமா?

பாதிச் சோதனைக்கு உதவும். கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் இரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், மறுபடியும் மஞ்சளாகும். இது அப்பட்டமான நடுநிலையாக்கல். பி.எச். 7.4-க்குக் கீழே மஞ்சள் நிறம், 8.6-க்கு மேலே செம்பழுப்பு. இதில் ஒரு குறை உண்டு: அமிலத்திலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், சாதாரணத் தண்ணீரிலும் அப்படியே இருக்கும். நடுநிலைக்கு வந்துவிட்டதா, இன்னும் அமிலமாகவே இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்குச் செம்பருத்தி அல்லது நீலச் சங்குப்பூச் சாறு நல்லது. அமிலத்தில் சிவப்புப் பக்கமும் காரத்தில் பச்சைப் பக்கமும் சாயும். பள்ளி வேலியிலேயே கிடைக்கும்.

அமிலத்தில் தண்ணீரா, தண்ணீரில் அமிலமா?

தண்ணீரில் அமிலம். எப்போதும். அடர் கந்தக அமிலம் தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு கனமானது, அடர்த்தி 1.84. அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மேலேயே மிதக்கும், இரண்டும் தொடும் இடத்தில் சூடாகிக் கொதித்து அமிலத்தையும் அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்த அளவுக்குச் சூடாகாது, ஆனாலும் பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும். வேர்நுனிச் சோதனைக்கு 100 மி.லி. ஒரு மோலார் அமிலம் வேண்டுமென்றால் 70 மி.லி. தண்ணீரில் 8.3 மி.லி. அடர் அமிலத்தை மெல்ல விட்டுக் கலக்கி, பிறகு 100 வரை நிரப்புவது முறை. இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். நீங்கள் தொடுவது நீர்த்த புட்டியை மட்டும்.

அமிலத்தைவிடக் காரம் சாதுதானே?

பலரும் நம்பும் பொய் இது. அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறுவீர்கள். தோலின் புரதம் உறைந்து ஒரு தடுப்புபோல் ஆவதால் அது ஓரளவுக்கு மேல் இறங்குவதும் கடினம். காரம் அப்படியல்ல. தொட்டால் வழவழப்பாக இருக்கும். தோலிலுள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வலி தாமதமாக வரும், அதற்குள் ஆழமாக இறங்கியிருக்கும். வழவழப்பு முற்றிலும் போகும்வரை கழுவுங்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு வரும் ஜூன், ஜூலையில் எடைபோடும்போது ஒரு வில்லை மேசையில் உருண்டுவிட்டால், முதலில் வெள்ளையாகக் கிடக்கும். சற்று நேரத்தில் அதன் மேல் பளபளப்பு ஏறும், அடியில் ஈரம் கசியும். காற்றின் ஈரத்தை இழுத்துக் கடைசியில் ஒரு சொட்டுத் திரவமாகிவிடும். பார்ப்பவருக்கு அது தண்ணீர். முழங்கையை ஊன்றுபவருக்கு அடர் காரம். ஆகவே ஆய்வக மேசையில் கிடக்கும் எந்தத் துளியையும் தண்ணீர் என்று எண்ணாதீர்கள். புட்டியின் கழுத்தில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கும் வெறும் தூசி அல்ல.

கண்ணில் பட்டால்?

கண் என்றால் ஒரு விநாடிகூடத் தாமதம் கூடாது. தலையைச் சாய்த்து, பட்ட கண்ணைக் கீழ்ப்பக்கமாக வைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இமையை விரலால் விரித்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். தானாகக் கண்ணைத் திறந்து வைத்திருக்க யாராலும் முடியாது. குறைந்தது 15 நிமிடம். காரம் என்றால் அதற்கும் மேல். கசக்கவே கூடாது. கழுவிய பிறகு கட்டாயம் கண் மருத்துவரிடம் போக வேண்டும், வலி நின்றுவிட்டாலும் சரி.

இதையே வீட்டிலும் சொல்லுங்கள். பெட்டிக்கடைகளில் வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடி, கண்ணில் தெறித்துப் பார்வை கெடுவது இந்தியாவில் கண் மருத்துவர்களுக்குப் பழகிப்போன செய்தி. ஆய்வகத்துக்கு வெளியே நீங்கள் சந்திக்கும் மிக ஆபத்தான காரம் தாத்தாவின் வெற்றிலைப்பெட்டியில் இருக்கிறது.

எங்கள் வீட்டுத் தொழிலில் இதெல்லாம் எங்கே வருகிறது?

தோப்பு வேலை தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் கற்பிப்பதைவிட அவர்கள் எனக்குச் சொல்வதே அதிகம். கள் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீரைக் காற்றிலுள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் புளிக்கவைத்துவிடும். சுண்ணாம்பு அந்த நீரைக் காரமாக்கிவிடுவதால் அவற்றால் வளர முடிவதில்லை. நொதிக்கும் நுண்ணுயிருக்கும் பி.எச். எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்களுக்கு வேறு பாடம் வேண்டாம்.

நெம்மாறைப் பக்கம் ரப்பர் வெட்டும் வீடுகளில் இதன் மறுபக்கம். பால் உறையாமல் இருக்க அம்மோனியா, உறைய வேண்டும்போது ஃபார்மிக் அமிலம். ரப்பர் துகள்களின் மேலுள்ள புரதங்களின் மின்சுமைதான் அவற்றை ஒன்றையொன்று விலக்கி வைக்கிறது. அமிலம் அந்தச் சுமையை இல்லாமல் செய்ததும் துகள்கள் சேர்ந்து கட்டியாகின்றன. கடையில் வரும் ஃபார்மிக் அமிலம் பொதுவாக 85 சதவீத அடர்த்தி. அதை வெறும் கையால் ஊற்றிப் பழகியவர்கள் வீட்டில் இருந்தால், கையுறை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

முசுறு கடித்தால் சோடா தடவலாமா? அதுவும் ஃபார்மிக் அமிலம்தானே?

அது ஃபார்மிக் அமிலம் என்பது சரி, ஆனால் தோலில் பட்ட அமிலத்துக்கு மேலே சொன்னதுதான் இங்கும்: சோடா அல்ல, தண்ணீர். முசுறு தாடையால் கடித்துவிட்டு, அந்தக் காயத்தின்மேல் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. 1671-லேயே ஜான் ரே என்ற இயற்கையியலாளர் எறும்புகளை வடித்து அந்த அமிலத்தைப் பிரித்துக் காட்டினார். ஆனால் தேனீக் கொட்டுக்கும் அதே கதையைச் சொல்வது தவறு. தேனீயின் நஞ்சில் முதன்மையானது மெலிட்டின் என்ற பெப்டைடு. சோடா தடவுவதால் அது அடங்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் வையுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவமனை.

எச்சில் சோதனையில் என்ன ஆபத்து? நம் எச்சில்தானே?

உங்கள் எச்சில் உங்களுக்கு ஆபத்தல்ல, பக்கத்து மேசைக்காரருக்கு ஆபத்தாகலாம். அவரவர் எச்சிலை அவரவரே கையாள வேண்டும். பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சுவதை அடியோடு விட்டுவிடுங்கள். ரப்பர் பல்பு இருக்கிறது. முடிந்ததும் சோதனைக் குழாய்களை நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவது வழக்கம். இங்கேதான் கவனம் தேவை: இந்தச் சோதனையில் சில குழாய்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அமிலமும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைத் தாக்கும். அமிலக் குழாய்களை முதலில் சோடாவால் நடுநிலையாக்கி, தண்ணீரில் அலசி, அதன் பிறகே ஊறவையுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

உடை விஷயத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

துப்பட்டா காற்றில் பறந்து ஸ்பிரிட் விளக்கில் விழும் ஊர் இது. கணவாய்க் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? துப்பட்டாவைப் பின்னால் முடியுங்கள், தலைமுடியைக் கட்டுங்கள், விரல் மூடிய செருப்பு போடுங்கள். பருத்தி மேலங்கி நல்லது. நைலான் உருகித் தோலில் ஒட்டும். நீர்த்த கந்தக அமிலம் பருத்தியில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஆவியாகி அமிலம் அடர்ந்து, செல்லுலோஸை அரித்து, அடுத்த துவைப்பில் மிளகு அளவுக்கு ஓட்டைகள் விழும். அம்மாவிடம் எலி கடித்தது என்று சொல்லிப் பயனில்லை.

நடுநிலையாக்கிய கழிவைத் தொட்டியில் ஊற்றிவிடலாமா?

வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் ஊற்றலாம். மிஞ்சுவது உப்புத் தண்ணீர். நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு இந்தியச் சுற்றுச்சூழல் விதி வகுத்த பி.எச். எல்லை 5.5 முதல் 9.0 வரை. ஆனால் பி.எச். சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. சர்க்கரையைச் சோதிக்கும் பெனடிக்ட், ஃபெலிங் கரைசல்களில் தாமிரம் இருக்கிறது. நடுநிலையாக்கினாலும் தாமிரம் எங்கும் போகாது. அவற்றுக்குத் தனிக் குப்பி வையுங்கள். உயிரின மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினுக்கும் அப்படியே.

மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தால் பாலக்காடா, பொள்ளாச்சியா?

எது பக்கமோ அது. மாநில எல்லையைப் பார்க்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஆனால் கழுவி முடிக்காமல் வண்டியில் ஏறாதீர்கள். வண்டியில் போகும் அரைமணி நேரத்தில் தோலில் மிச்சமிருக்கும் அமிலம் சும்மா இருக்காது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. இறங்கும்போது புண்ணாக்கியது ஏறும்போதும் புண்ணாக்கும். புட்டியின் பெயர்ச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்: பொருளின் பெயர், அடர்த்தி, பட்ட நேரம், எவ்வளவு நேரம் கழுவினீர்கள்.